தீர்த்தமலை வட்டாரத்தில் பறவை நோக்கல்: மலை, நீர்நிலை, வேளாண் நிலம் – திணை நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் அமைந்துள்ள தீர்த்தமலை, சிவத்தலமாகப் பெரிதும் அறியப்பட்ட ஊராகும். பாறைமலை, அதனைச் சூழ்ந்த புதர்க்காடு, தென்பெண்ணை ஆற்றுப்படுகை, ஏரிகள், மானாவாரி வயல்கள் ஆகிய வாழிடங்கள் இங்குக் குறுகிய தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆகவே, ஒரு வட்டாரத்தின் பறவை வாழ்வை வாழிடங்களின் வழியாகப் புரிந்துகொள்வதற்கு இவ்வூர் ஏற்ற களமாகிறது. தமிழ் இலக்கண மரபு கூறும் திணைப் பாகுபாட்டை ஒரு சட்டகமாகக் கொண்டு, இவ்வட்டாரத்தில் பறவை நோக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. புதர்நிலமும் தரிசும் 'பயனற்ற நிலம்' எனக் கருதப்படுவதால் விளையும் இழப்பையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தீர்த்தமலை, அரூர், தென்பெண்ணை, பறவை நோக்கல், திணை, புதர்க்காடு, பனை, ஏரி, பறவைப் பெயர்கள்.

முன்னுரை

தமிழகத்தில் பறவை நோக்கல் என்றவுடன் வேடந்தாங்கல், கூந்தன்குளம், கோடியக்கரை போன்ற நீர்ப்பறவைப் புகலிடங்களோ, நீலமலை, ஆனைமலை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளோ நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வறண்ட உள்நாட்டு நிலம் அந்த அளவு கவனம் பெறுவதில்லை. ஆயினும் தமிழகத்தின் பரப்பில் பெரும்பகுதி இத்தகைய நிலமே. சிறுகுன்று, முட்புதர், வானம் பார்த்த வயல், பருவமழைக்கு மட்டும் நிரம்பும் ஏரி என்பனவே பெரும்பாலான தமிழக ஊர்களின் இயற்கைச் சூழலாகும்.

அரூரிலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. தொலைவில் உள்ள தீர்த்தமலை இச்சூழலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அருணகிரிநாதரால் பாடப்பெற்ற இம்மலையில் தீர்த்தகிரீசுவரர் கோயில் அமைந்துள்ளது. இராமர் தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்னும் நீர்நிலைகளால் ஊர் இப்பெயர் பெற்றது. மலைக்கு அருகில் தென்பெண்ணை ஓடுகிறது. அதன் கரையில் அனுமன் தீர்த்தம் உள்ளது. தெற்கே சித்தேரி மலைத்தொடரும், அதற்கு அப்பால் சேர்வராயன் மலையும் உள்ளன. சேர்வராயன் மலையில் தோன்றும் வாணியாறு பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பகுதிகளைக் கடந்து தென்பெண்ணையை அடைகிறது.

இவ்வட்டாரம் அறிவியல் நோக்கில் முற்றிலும் கவனிக்கப்படாத பகுதியன்று. ஆர்தர் வெர்னே என்பவரின் பொருளுதவியுடன் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் நடைபெற்ற ஆய்வுப்பயணத்தில், அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் பறவைகள் சேகரிக்கப்பட்டன. அவற்றைப் பற்றி ஹியூ விசுலர், கின்னியர் ஆகியோர் எழுதிய தொடர் கட்டுரைகள் 1930களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தன. தென்னிந்தியாவின் வறண்ட மலைகளில் வாழும் பறவைகளை அறிய இன்றும் அவை அடிப்படைச் சான்றுகளாக உள்ளன. சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரிக்கப்பட்டது. ஆகையால் பழைய பதிவுகளைத் தேடுவோர் 'சேலம் மாவட்டம்' என்னும் தலைப்பின்கீழ் தேடவேண்டும்.

திணையும் வாழிடமும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்நிலத்துக்கு உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. எனவே ஒரு நிலத்தின் அடையாளங்களுள் ஒன்றாகப் பறவை தமிழ் மரபில் தொடக்கம் முதலே இடம்பெற்றுள்ளது. பிற்கால நம்பியகப்பொருள் இதனை விரித்து ஒவ்வொரு திணைக்கும் உரிய பறவைகளைப் பட்டியலிடுகிறது. குறிஞ்சிக்குக் கிளியும் மயிலும், முல்லைக்குக் காட்டுக்கோழி, மருதத்துக்கு நாரை முதலிய நீர்ப்பறவைகள், பாலைக்குப் பருந்தும் கழுகும் புறாவும் எனப் பகுக்கப்படுகின்றன.

இப்பட்டியல் இலக்கிய மரபு சார்ந்தது. களப்பட்டியலாக அதனைக் கொள்ள இயலாது. எனினும் அதன் அடிப்படைக் கருத்து இன்றைய சூழலியலுக்கு நெருக்கமானது. பறவையைத் தனியே காணாது, நிலம், பருவம், மரம், நீர் ஆகியவற்றோடு சேர்த்துக் காணவேண்டும் என்பதே அக்கருத்து.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரம் கூறுவது, தீர்த்தமலைக்கு மிகவும் பொருந்துகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் இம்மலையின் இலையுதிர் மரங்கள் வெறுமையாக நிற்கின்றன, பாறைகள் கொதிக்கின்றன, ஓடைகள் வற்றுகின்றன. ஐப்பசி மழைக்குப் பின் அதே சரிவு பசுமை மூடிக் கிடக்கிறது. நிலம் ஒன்றே, திணை மட்டும் பருவத்தோடு மாறுகிறது. ஆகவே ஒரே பாதையில் ஆண்டு முழுதும் நடக்கும் நோக்கர், ஓரிடத்திலேயே இருவேறு பறவைக் கூட்டங்களைக் காண்பார்.

மலையும் பாறையும்

கோயிலுக்குச் செல்லும் படிப்பாதையே மலைப் பறவைகளை நோக்குவதற்கு வசதியான பாதையாகும். பாறை முகடுகளை ஒட்டி இடையறாது பறந்து பூச்சிகளைப் பிடிக்கும் மலைத் தகைவிலான், பாறைக் குடைவுகளிலும் கட்டடங்களின் நிழலான மூலைகளிலும் சேற்றால் கூடு கட்டுகிறது. மண்டபங்களின் உட்கூரையில் நாட்டு உழவாரன் கூட்டமாகக் கூடு அமைக்கிறது. தொலைவிலிருந்து பார்ப்போர்க்கு இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உழவாரனின் சிறகு அரிவாள்போல் வளைந்து குறுகியது. தகைவிலானின் சிறகு அடிப்பகுதியில் அகன்றது. தகைவிலான் பாறையிலும் கம்பியிலும் அமரும். உழவாரனின் கால்கள் சுவரைப் பற்றித் தொங்குவதற்கே ஏற்றவை.

பாறையும் புதரும் கலந்த சரிவுகளில் நோக்கர் சிறப்பாகத் தேடவேண்டிய பறவை மஞ்சள்தொண்டைச் சின்னான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டி. சி. ஜெர்டன் அறிவியலுலகுக்கு விவரித்த இப்பறவை, தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளில் மட்டுமே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. இதே புதர்களில் பரவலாகக் காணப்படும் வெண்புருவச் சின்னானோடு இது எளிதில் குழப்பப்படுகிறது. தலையும் தொண்டையும் தெளிந்த மஞ்சளாக இருப்பது, கண்ணுக்கு மேல் வெண்புருவம் இல்லாமை ஆகியவற்றைக் கொண்டு இதனைப் பிரித்தறியலாம். கூச்சமுள்ள பறவையாதலின் பெரும்பாலும் குரலைக் கேட்ட பின்னரே கண்ணில் படும். பாறைக்குன்றை நம்பி வாழும் இவ்வினத்துக்குக் கருங்கல் வெட்டுதல் நேரடியான அச்சுறுத்தலாகும். குன்று அழிந்தால் அதற்கு ஈடான வாழிடத்தை மரம் நட்டு உருவாக்க இயலாது.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கும் இம்மலை இடமளிக்கிறது. பாறை உச்சியில் தனித்து நிமிர்ந்து அமரும் நீலப் பூங்குருவி, ஓடைக் கற்களில் வாலை ஆட்டியபடி இரைதேடும் சாம்பல் வாலாட்டி, இலைகளுக்கிடையே ஓயாது இயங்கும் கதிர்குருவிகள் ஆகியவை இவ்வகையின. நிழல் மிகுந்த புதர்த்தரையில் ஆறுமணிக்குருவியைக் காணலாம். வைகறையிலும் அந்தியிலும் குறித்த பொழுதில் குரல் கொடுப்பதால் தமிழர் இதற்கு இப்பெயரிட்டனர். நிறங்களால் அழகுமிக்க பறவையாயினும், இதனை அறிமுகப்படுத்த மக்கள் தேர்ந்தது நிறத்தை அன்று, குரல் எழும் நேரத்தையே.

கோடையில் மலையின் சுனைகளும் தீர்த்தங்களும் தனிச்சிறப்புப் பெறுகின்றன. சுற்றிலும் நீர் வற்றிய காலத்தில் ஊறும் சிறுநீர்க் கசிவுகளைப் புறாக்களும் சின்னான்களும் தேன்சிட்டுகளும் நாடி வருகின்றன. நீரருகே சற்றுத் தள்ளி அமைதியாக அமர்ந்திருப்பது, மலை முழுதும் அலைந்து தேடுவதைக் காட்டிலும் மிகுந்த பயன் தரும். திருவிழா நாட்களில் மக்கள் திரளும்போது பறவைகள் விலகிச் செல்வதால், அந்நாட்களின் குறிப்புகளைத் தனியே குறித்துவைத்தல் வேண்டும்.

ஆறும் ஏரியும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருட்டிணகிரி அணையைக் கடந்து இவ்வட்டாரத்தின் வழியாகச் சாத்தனூர் அணைக்குச் செல்கிறது. ஆறு நிறைந்து ஓடும் காலம் குறைவு. மணல்திட்டும் பாறைக் குட்டையும் ஆழமற்ற ஓடையும் கலந்த படுகையே பெரும்பாலான மாதங்களில் காணப்படும் தோற்றம். இக்கலவையே பறவைகளுக்கு உகந்தது. ஓரிடத்தில் நிலையாகச் சிறகடித்து நீரில் பாயும் கருவெள்ளை மீன்கொத்தி தெளிந்த நீரை நாடுகிறது. ஆற்று ஆலா மணல்திட்டில் வெறுந்தரையில் முட்டையிடுகிறது. மணல் அள்ளப்படும்போதும், இனப்பெருக்கக் காலத்தில் அணைநீர் திடீரெனத் திறக்கப்படும்போதும் முதலில் இழப்புக்குள்ளாவது இத்தகைய தரைக்கூடுகளே.

ஏரிகளில் நீரின் ஆழமே பறவைகளின் வகையைத் தீர்மானிக்கிறது. மழைக்குப்பின் ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி, புள்ளிமூக்கு வாத்து ஆகியவை நடுநீரில் இருக்கும். நீர் இறங்கத் தொடங்கியதும் கரையோரச் சேறு வெளிப்படுகிறது. அப்போது உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் வாலாட்டிகளும் வருகின்றன. குட்டைகளாகச் சுருங்கும் இறுதிக் கட்டத்தில் அகப்பட்ட மீன்களுக்காக நாரைகளும் கொக்குகளும் பெருந்திரளாகக் கூடுகின்றன. நீர்த்தாவரம் செறிந்த பகுதியில் நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் தங்குகின்றன. எனவே 'ஏரி வற்றிவிட்டது, பறவை இல்லை' என்று விட்டுவிடுதல் பொருந்தாது. வற்றும் காலமும் ஏரியின் வாழ்வில் ஒரு பருவமே.

இவ்வுண்மை ஏரிப் புனரமைப்புக்கும் முக்கியமானது. தூர் வாருதல் தேவையான பணி. ஆனால் ஏரி முழுவதையும் ஒரே ஆழத்திற்குத் தோண்டிக் கரைகளைச் செங்குத்தாக்கினால், மிதக்கும் பறவைகளுக்கு மட்டுமே இடமிருக்கும். சேற்றில் இரைதேடும் பறவைகளுக்கு நிற்கவும் இடமிராது. ஒரு புறமாவது படிப்படியாகச் சரியும் கரையை விட்டுவைத்தால் பாசனமும் கெடாது, பறவையும் நீங்காது. நீர்ப்பிடிப்பில் பரவும் சீமைக்கருவேலத்தை நீக்கும்போதும் கொக்குகள் கூடு வைத்துள்ள மரங்களை அந்தப் பருவம் முடியும்வரை விட்டுவைத்தல் நலம்.

வயலும் பனையும் தரிசும்

அரூர்ப் பகுதியில் மரவள்ளி, கரும்பு, மஞ்சள், துவரை, கேழ்வரகு, சாமை முதலியன விளைகின்றன. இந்நிலத்துப் பறவைகளை உழவர் நன்கு அறிவர். ஏரின் பின்னே வரும் உண்ணிக்கொக்கு, மாட்டின் முதுகில் அமரும் கரிச்சான், வரப்போரம் கூட்டமாகத் துள்ளும் தவிட்டுக்குருவி, மண்ணைக் கிளறும் கொண்டலாத்தி, கம்பியிலிருந்து பாய்ந்து பூச்சி பிடிக்கும் பஞ்சுருட்டான் எனப் பெயர்கள் நீளும். தவிட்டுக்குருவியின் கூட்டில் சுடலைக்குயில் முட்டையிடுவதும் இவ்வயலோரப் புதர்களில் நிகழ்வதே.

இங்குப் பனைமரம் தனித்துக் கருதத்தக்கது. பனை உழவாரன், தொங்கும் பனையோலையின் அடிப்புறத்தில் தன் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடமைக்கிறது. முட்டையையும் எச்சிலாலேயே ஓலையோடு ஒட்டுகிறது. தூக்கணாங்குருவி ஓலை நுனிகளில் கூடுகளைத் தொங்கவிடுகிறது. கிணற்றுக்கு மேல் சாய்ந்த கிளையும் அதற்கு உகந்த இடம். பட்டுப்போன மொட்டைப் பனையின் பொந்துகளில் பனங்காடை, கிளி, மைனா, புள்ளி ஆந்தை ஆகியவை குடியேறுகின்றன. பனங்காடை என்னும் பெயரே இவ்வுறவைச் சொல்கிறது. 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு பெறவேண்டும் எனத் தமிழக அரசு அறிவித்தது. உயிருள்ள பனையைக் காப்பதோடு, இறந்த பனையையும் நிற்கவிட வேண்டும் என்பதைப் பறவைகளின் வாழ்வு உணர்த்துகிறது.

பனங்காடையைப் பற்றிய அண்மைச் செய்தி கவலைக்குரியது. 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டு, 178 இனங்களுக்கு உயர் பாதுகாப்பு முன்னுரிமை தேவை என்றது. ஊர்தோறும் காணப்படும் பறவையாக எண்ணப்பட்ட பனங்காடையின் எண்ணிக்கை இறங்கி வருவதால், அதன் அழிவாய்ப்பு நிலையை மறுமதிப்பீடு செய்யவேண்டும் எனவும் பரிந்துரைத்தது. வெட்டவெளி நிலங்களைச் சார்ந்த பறவைகளே பெருஞ்சரிவைச் சந்தித்துள்ளன என்பது அவ்வறிக்கையின் முக்கிய முடிவுகளுள் ஒன்று.

தரிசும் புதரும் நிறைந்த நிலத்தைப் பற்றிய நம் பொதுக்கருத்தை இங்கு ஆராயவேண்டும். அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலம் ஒரு வகையாக இடம்பெறுகிறது. 'பயனற்றது' என முத்திரை குத்தப்பட்ட நிலம், மனையாகவோ குவாரியாகவோ ஆலையாகவோ மாறும்போது எதிர்ப்பு எழுவதில்லை. நல்லெண்ணத்தோடு அங்கே நெருக்கமாக மரம் நடுவதும் அதே விளைவைத் தரக்கூடும். ஏனெனில் கௌதாரி, காடை, வானம்பாடி, பக்கி, கல்குருவி, மஞ்சள்மூக்கு ஆட்காட்டி ஆகியவை திறந்த நிலத்தில் தரையிலேயே கூடு வைப்பவை. அவற்றுக்கு நிழல் தேவையில்லை. தொலைநோக்கும் வெளியே தேவை. முல்லை நிலத்தைக் குறிஞ்சியாக்க முயல்வது முல்லையை இழப்பதாகும்.

பெயர்களும் பதிவும்

சங்க இலக்கியத்தில் வழிச்செல்வோரைக் கண்டு ஒலியெழுப்புவதாகக் கூறப்படும் கணந்துள் என்னும் பறவையை ஆட்காட்டி எனக் கருதுவர். சங்க இலக்கியப் பறவைகளைத் தனி நூலாக ஆராய்ந்த பி. எல். சாமியும், தமிழகப் பறவைகளைத் தமிழில் அறிமுகப்படுத்திய க. ரத்னமும் பழம்பெயர்களையும் வழக்குப்பெயர்களையும் இன்றைய இனங்களோடு பொருத்தும் பணியைச் செய்தவர்கள். அப்பணி வட்டார அளவில் தொடரவேண்டியதாகும்.

மக்கள் வழக்கில் ஆட்காட்டி ஒரே பெயர். நூல்கள் அதனை இரண்டாகப் பிரிக்கின்றன. நீருக்கு அருகே வாழ்வது சிவப்புமூக்கு ஆட்காட்டி. வறண்ட திடலில் வாழ்வது மஞ்சள்மூக்கு ஆட்காட்டி. எனவே ஒரு முதியவர் 'ஆட்காட்டி' என்று கூறும்போது, எந்த நிலத்தில், எந்த மாதத்தில் கண்டார் என்பதையும் கேட்டுக் குறித்தால்தான் அச்செய்தி ஆய்வுக்குப் பயன்படும். உழவர், ஆடுமேய்ப்போர், சித்தேரி மலைவாழ் மலையாளி மக்கள் ஆகியோரிடமிருந்து பெயர்களைத் திரட்டும்போது, படத்தைக் காட்டி 'இதன் பெயர் என்ன' என்று மட்டும் கேட்பது போதாது. குரல், கூடு, உணவு, வரும் பருவம் ஆகியவற்றை அவர்களே சொல்லக் கேட்டுப் பின்னர் இனத்தை உறுதிசெய்தல் முறையாகும்.

களப்பதிவுக்கு எளிய ஒழுங்கு போதும். மலைப்பாதை, ஆற்றுக்கரை, ஏரி, வயல் என நான்கு தடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் திங்கள்தோறும் காலையில் ஒரே அளவு நேரம் நடந்து, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் குறிக்கவேண்டும். நாள், தொடங்கிய நேரம், நடந்த தொலைவு, நீர்மட்டம், பயிர்நிலை ஆகியவையும் இடம்பெறவேண்டும். முழுப்பட்டியலாக எழுதினால் மட்டுமே ஒரு பறவை 'இல்லை' என்பதும் தரவாகும். 2015 முதல் நடைபெற்றுவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலும், வனத்துறையின் நீர்ப்பறவை, நிலப்பறவைக் கணக்கெடுப்புகளிலும் இப்பட்டியல்கள் இணையும்போது, ஓர் ஊரின் குறிப்பு மாநிலச் சான்றாகிறது. பதிவுசெய்யப்பட்ட குரலை ஒலிக்கச்செய்து பறவையை வரவழைத்தல், படத்துக்காகக் கூட்டை நெருங்குதல், கூடுள்ள இடத்தை வெளிப்படையாக அறிவித்தல் ஆகியன தவிர்க்கப்படவேண்டும்.

முடிவுரை

காவிரியை ஒட்டிய தருமபுரி, கிருட்டிணகிரி வனப்பகுதிகள் 2022ஆம் ஆண்டு காவிரி தெற்கு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. யானை வாழும் பெருங்காட்டுக்குக் கிடைத்த இப்பாதுகாப்பு வரவேற்கத்தக்கது. தீர்த்தமலை போன்ற சிறுமலைகளும், அவற்றின் அடிவாரப் புதர்களும், ஊர் ஏரிகளும், மொட்டைப் பனைகளும் அத்தகைய எல்லைக்குள் அடங்குவன அல்ல. அவற்றின் பாதுகாப்பு அங்கு வாழ்வோரின் அன்றாட முடிவுகளில் உள்ளது.

இவ்வாய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தீர்த்தமலை வட்டாரத்தின் பறவை வளம் மலை, நீர், வயல் ஆகிய மூன்றின் அடுத்தமைவால் விளைவது. ஒன்றைக் காத்து மற்றதை இழப்பின் அவ்வளம் நிலைக்காது. இரண்டாவது, திணைக் கோட்பாடு நிலத்தோடும் பருவத்தோடும் பறவையை இணைத்துக் காணக் கற்பிப்பதால் இன்றைய களநோக்கருக்கும் பயன்படும் சட்டகமாகிறது. மூன்றாவது, வறண்ட வெளியைப் பயனற்ற நிலமாகக் கொள்ளும் வழக்கம் மாறவேண்டும். அரூர் வட்டாரப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் நான்கு தடங்களில் ஓராண்டு நடந்து எழுதும் பட்டியல், எந்தத் தரிசு எந்தப் பறவைக்கு வீடாக உள்ளது என்பதைப் பெயரோடும் எண்ணிக்கையோடும் காட்டும். அந்நிலத்தின் பயன்பாட்டை மாற்றும் முடிவு எடுக்கப்படும்போது, எதிர்வாதமாக முன்வைக்கத்தக்க சான்று அதுவே.